கஞ்சா வேட்டையில் ஓர் உயிர் போனால்: முதல் இரண்டு நாளில் செய்யக்கூடாதவை

"கஞ்சா விக்கிறவன்தானே, போகட்டும்" என்ற பேச்சை நெல்லைப் பக்கம் வள்ளியூர் டீக்கடையிலும் கேட்கலாம், பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலும் கேட்கலாம். பள்ளிக்கூட வாசல் வரை பொட்டலம் வந்துவிட்ட ஊரில் பெற்றவர்களின் ஆத்திரம் நியாயமானது. அந்த ஆத்திரத்தின் நிழலில்தான் காவலில் அடிபட்டுச் சாவதும், "எங்களைத் தாக்கினான், தற்காப்புக்குச் சுட்டோம்" என்பதும் கேள்வியில்லாமல் கடந்துபோகின்றன. குடும்பமும் உதவ வருகிறவர்களும் பதற்றத்தில் செய்கிற சில தவறுகள் வழக்கை அங்கேயே முடித்துவிடுகின்றன.

முதலில் பேச்சில் வரும் தவறு. "எங்க பையன் ஒரு தப்பும் செய்யாதவன்" என்று தொடங்காதீர்கள். மறுநாளே பழைய வழக்குகளின் பட்டியல் வெளியாகும். விவாதம் செத்தவரின் யோக்கியதையைப் பற்றியதாக மாறிவிடும். ஒரு கிலோ வரை கஞ்சா சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று போதைப்பொருள் சட்டம் பிரித்துத் தண்டனை சொல்கிறது. அந்தத் தண்டனையைக் கொடுக்க வேண்டியது நீதிமன்றம். "அவர் குற்றவாளியா இல்லையா என்பது கோர்ட் வேலை, அவர் எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டியது போலீஸ் வேலை." இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் பத்திரிகைக்காரர்களிடம் போக வேண்டாம்.

'தற்காப்புக்குச் சுட்டோம்' என்பது நம் ஊரில் மட்டும் சொல்வதல்ல. பிலிப்பைன்ஸில் 2016 ஜூலைக்குப் பிறகு நடந்த போதை ஒழிப்பில் போலீஸ் கணக்கிலேயே 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே அறிக்கைதோறும் வந்த சொல் 'நன்லபான்', அதாவது எதிர்த்துத் தாக்கினான். 2017 ஆகஸ்டில் கலோகன் நகரில் 17 வயதுப் பையன் கியான் தெலோஸ் சாந்தோஸைச் சுட்டபோதும் அதையே சொன்னார்கள். அவனைப் பிடித்து இழுத்துப்போவது ஒரு சிசிடிவியில் பதிவாகியிருந்தது. பார்த்தவர்களும் சாட்சி சொன்னார்கள். 2018 நவம்பரில் மூன்று போலீஸாருக்குக் கொலைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை கிடைத்தது. அத்தனை ஆயிரம் சாவுகளில் இப்படித் தீர்ப்பு வரை போனவை மிகச் சில.

அடுத்த தவறு, விடியட்டும் என்று காத்திருப்பது. ஆளை நடுவர் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு, அவரைத் தூக்கிப்போன நேரத்திலிருந்தே ஓடுகிறது. கைது எழுதப்படும் நேரம் வேறாக இருக்கும், ஆகவே உங்கள் கையில் ஒரு நேரச்சான்று வேண்டும். முன்பெல்லாம் தந்தி அடிப்பார்கள். 2013-இல் தந்தியே போய்விட்டது. இப்போது மாவட்ட எஸ்.பி. (மாநகரம் என்றால் கமிஷனர்), அந்தப் பகுதி நீதித்துறை நடுவர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். காலையில் அதையே விரைவுத் தபாலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். யார் கூட்டிப்போனது, எங்கே, எத்தனை மணிக்கு, வண்டி எண், உடுத்தியிருந்த துணி, அப்போது உடம்பில் காயம் இருந்ததா என்று ஐந்தாறு வரி போதும். இலவச வழக்கறிஞருக்கு 15100. போனில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள், அது பிறகு எதையும் நிரூபிக்காது.

சிசிடிவி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். காவல் நிலையக் காட்சிகளை 18 மாதமும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நிலையத்துக்குப் போனபோது, ஹார்ட் டிஸ்க்கில் இடமிருந்தும் காட்சிகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. காட்சியைப் பாதுகாக்கச் சொல்லும் மனு முதல் நாளே போக வேண்டும். எதிரே உள்ள மளிகைக்கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய காட்சிமேல் புதுக்காட்சி ஏறிவிடும். கடைக்காரரைக் கேட்டு முழுக் கோப்பாகப் பென் டிரைவில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், கோப்பின் நேர விவரமும் போய்விடும். கேமராக் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்டப் புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் கடைக்காரர் கையெழுத்தும் வேண்டும்.

உடலைப் பற்றியவைதான் திருத்தவே முடியாத தவறுகள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (நெல்லை அரசு மருத்துவமனை) பிணவறை வாசலில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாவிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். எழுதப்படாத தாளிலும், படித்துக்காட்டாத தாளிலும் கையெழுத்து வேண்டாம். காவல் மரணங்களில் பிரேதப் பரிசோதனைக்கு முன்பே குடும்பத்தார் உடலை முன்னும் பின்னும் பார்க்கலாம், படம் எடுக்கலாம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. தடய மருத்துவம் படித்த இரண்டு டாக்டர்கள், வீடியோப் பதிவு, எக்ஸ்ரே எல்லாம் அதில் உண்டு. உயர் நீதிமன்றம் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பலர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளங்கால், பிட்டம், மணிக்கட்டு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். சுடப்பட்டவர் என்றால் சட்டை மிக முக்கியம். அருகிலிருந்து சுட்டால் துளையைச் சுற்றிப் புகைக்கரியும் மருந்துத் துகளும் படியும். தூரத்திலிருந்து சுட்டால் அது இருக்காது. "ஓடும்போது சுட்டோம்" என்ற கதை அங்கே நிற்கும் அல்லது விழும். அந்தத் துணி தடய ஆய்வகம் போகிறதா என்று கேளுங்கள். உங்கள் கையிலேயே கிடைத்தால் துவைக்காமல், நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதப் பையில் வையுங்கள்.

உடலை எரிக்காதீர்கள். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பத்திடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், அந்தப் போதை ஒழிப்பில் செத்தவர்களின், வருஷங்கள் கழித்துத் தோண்டி எடுத்த எலும்புகளைத் தடயவியல் மருத்துவர் ராக்கேல் ஃபோர்ட்டூன் ஆராய்ந்தபோது, நோயால் செத்ததாகச் சான்றிதழ் பெற்றவர்கள் சிலரின் எலும்பில் துப்பாக்கிக் குண்டு துளைத்த அடையாளம் இருந்தது. சாம்பலில் அதைத் தேட முடியாது.

இனி மனுக்கள். காவலில் இறந்தால் விசாரிக்க வேண்டியவர் நீதித்துறை நடுவர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 196-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை போதும் என்று சம்மதிக்காதீர்கள். என்கவுண்டர் என்றால் 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த 16 வழிமுறைகள் உண்டு: எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சிஐடியோ வேறு நிலையத்துப் போலீஸோ விசாரிக்க வேண்டும், சுட்ட கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் கூடாது. இவை மீறப்பட்டால் குடும்பம் மாவட்ட அமர்வு நீதிபதியிடம் போகலாம். பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி: மாநில மனித உரிமை ஆணையத்தில் நிலுவையிலுள்ள விஷயத்தைத் தேசிய ஆணையம் எடுக்காது. அவசரத்தில் இரண்டு இடத்துக்கும் அனுப்பி, ஒன்றால் இன்னொன்றை அடைத்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. செத்தவரின் சாதிக்காரர்கள் போஸ்டர் ஒட்டியதும் மற்ற சாதியார் ஒதுங்கிவிடுவார்கள், பார்த்த சாட்சியும் வாயை மூடிக்கொள்வார். செத்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கக் கேட்பது வேறு, அது சட்ட உரிமை. ஊர்வலத்தை முன்னிருந்து நடத்துவது தெருக்காரர்களும் வழக்கறிஞர்களுமாக இருக்கட்டும்.

சாட்சியின் முகத்தையோ பெயரையோ வீடியோவில் போடவே கூடாது. சாத்தான்குளத்தில் உண்மையைச் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர்; அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. டீ மாஸ்டருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது தானாக வராது. 2018-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதிக்கு அவர்கள் சார்பில் மனுப் போட்டுவிட்டு, அதன் பிறகு வாக்குமூலத்துக்கு அழைத்துப் போங்கள்.