பத்தாவது முடித்த பிள்ளைக்கு: பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியும் மாதச் சம்பளமும்

பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பையன்களாவது வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற வீட்டில் "இன்னும் இரண்டு வருஷம் பொறு தம்பி" என்று சொல்வது எளிதல்ல.

என் அக்கா மகனும் அப்படித்தான் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனான். எட்டு மாதம் வேலை பார்த்தான். வாராவாரம் கைச்செலவுக்குக் காசு வந்தது, ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூடக் கிடையாது. வெளியே வந்தபோது அந்த எட்டு மாதத்துக்கு எந்த அத்தாட்சியும் இல்லை. அதன்பிறகு அவனுக்காக நாங்கள் அலைந்து தெரிந்துகொண்ட வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பள்ளியில் ரெகுலராகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்துக்கொண்டே அப்ரண்டிஸாகவும் (நிறுவனத்தில் உதவித்தொகையோடு தொழில் பழகுபவர்) இருப்பது நடைமுறையில் முடியாது. இரண்டுக்கும் பகல் முழுக்க வேண்டும். அதனால் வேறு வரிசையில் போகவேண்டும்.

படி 1: இரண்டு வருட ஐடிஐ

எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவை இரண்டு வருடப் பிரிவுகள், வெல்டர் ஒரு வருடம். அக்கா மகன் வெல்டர்தான் வேண்டும் என்று நின்றான், நாங்கள் ஃபிட்டரில் சேர்த்தோம். காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் என்றால், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். சேரும்போதே இதைக் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

சின்ன வேலைதான், ஆனால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். இணையப் பதிவில் இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நகராது. அரசு தரும் பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். பத்தாவது சான்றிதழில் உள்ளபடியே ஆதாரை மாற்றுங்கள், அப்புறம் பேங்க். ஐடிஐ முடியும் வரை தள்ளிப்போடவேண்டாம். எங்களுக்கு இதிலேயே ஒரு மாதம் போனது.

படி 3: இரண்டு மொழித்தாள்

பலருக்கும் தெரியாத நல்ல வழி இது. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ தேறியவர்கள், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதி வென்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி பெறலாம். எட்டாவது முடித்து ஐடிஐ வந்தவர்களுக்குப் பத்தாவது மொழித்தாள்கள். கணக்கு, இயற்பியல் எதுவும் எழுதவேண்டியதில்லை. தேர்வு அறிவிப்பு வந்ததும் ஐடிஐ ஆசிரியரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள்.

படி 4: அப்ரண்டிஸ்

மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும், மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையமும் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையிலும் கேட்டுப் பாருங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்கவேண்டும். நான்கு பேர் இருக்கிற பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம்.

2019இல் திருத்திய விதியில் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் குறைந்தது 7000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். வேலையில் சேருவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திடவேண்டும். தொழில் பெயர், எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் கீழே எடுக்கக்கூடாது. உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் கூடாது. பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மொழித்தாள்களை இந்த அப்ரண்டிஸ் வருடத்தில் எழுதுவதுதான் வசதி. கையில் பணம் வருவதால் வீட்டில் நெருக்கடி குறையும். அக்கா மகன் வேலை முடிந்து ஏழு மணிக்கு வருவான். குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தமிழ், மறுநாள் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதுவான். ஆங்கிலத்தில்தான் தடுமாறினான், அதனால் கடிதம், கட்டுரையை மனப்பாடம் செய்யாமல் தினம் பத்து வரி சொந்தமாக எழுதவைத்தோம்.

இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவன் இப்போது அதற்குத்தான் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறான்.