ஒரே நீண்ட வரியாக உள்ள கோப்புகளைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல லட்சம் வரிகள் கொண்ட லாக் கோப்பைத் தடங்கலின்றித் திறக்கும் டெக்ஸ்ட் எடிட்டர், அதைவிடச் சிறிய ஜேசன் (JSON, தரவுகளைச் சேமிக்கும் உரை வடிவம்) கோப்பொன்றைத் திறந்ததும் உறைந்துபோவதைப் பலரும் கண்டிருப்போம். அப்போது கோப்பின் அளவையோ கணினியின் நினைவகத்தையோ காரணமாகக் கொள்வதுதான் முதல் தவறு. எடிட்டர்கள் பொதுவாகத் திரையில் தெரியும் வரிகளை மட்டுமே கணக்கிட்டு வரைகின்றன. கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருந்தால் அந்தச் சிக்கனத்துக்கு இடமில்லாமல் போகிறது. கர்சர் நிற்கும் இடத்தை அறியவும் வரியின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் கூட்டிக்கொண்டு வர நேரிடும்; சொற்களை வகைப்படுத்தி நிறமூட்டும் விதிகளும் பெரும்பாலும் வரி வரியாகவே இயங்குகின்றன.

நீண்ட வரியைத் திரையின் அகலத்துக்கேற்ப மடித்துக் காட்டும் வரிமடிப்பை இயக்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பிழையானது. மடிப்பு தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது. எங்கெங்கே மடிப்பது என்ற கணக்கு கூடுதல் சுமையாகச் சேர்கிறது.

நிறம் மறைந்துவிட்டதே என்று வரம்புகளைத் தளர்த்துவோரும் உண்டு. விம் எடிட்டர் ஒரு வரியில் 3,000 நெடுவரிசைகளுக்கு மேல் நிறமூட்டாமல் விடுவதும், விஎஸ் கோட் எடிட்டர் 20,000 எழுத்துகளுக்கு மேற்பட்ட வரியைப் பகுத்தாயாமல் விடுவதும் இயல்பிருப்பு (நாம் மாற்றாதவரை இருக்கும்) அமைப்புகளே. அவை நம்மைக் காக்கவே வைக்கப்பட்டவை. ஈமாக்ஸ் எடிட்டரைப் பயன்படுத்துவோர் பழைய பதிப்பிலேயே நின்றுவிட வேண்டாம். 29ஆம் பதிப்பு, 50,000 எழுத்துகளைத் தாண்டும் வரிகளைக் கண்டால் தானாகவே வேறு வழியில் காட்டத் தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் கேடானது, எண்பது எழுத்துக்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு வரியை வெட்டுவது. ஜேசனில் மேற்கோள் குறிகளுக்குள் நேரடியாக வரிமுறிவு வரக்கூடாது என்பதால், தவறான ஓரிடத்தில் வெட்டினாலே கோப்பு செல்லாததாகிவிடும். தமிழ் உரை இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்: எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், பைட் எண்ணிக்கையை வைத்து வெட்டும் கருவி ஒரு குறியீட்டையே நடுவில் பிளந்துவிடலாம். எனவே அந்தக் கோப்பு வடிவத்தின் இலக்கணம் அறிந்த கருவியைக் கொண்டே வரி பிரிக்க வேண்டும், அதுவும் நகலின்மீது மட்டும். பைத்தான் நிரல்மொழியுடன் வரும் ஜேசன் கருவி, வேறு விதமாகச் சொல்லாதவரை, தமிழ் எழுத்துகளை எண்குறியீடுகளாக மாற்றிவிடும்; அதைத் தடுக்கும் விருப்பம் 3.9ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஜேசனைக் கையாளும் ஜேகியூ (jq) கருவியின் 1.7க்கு முந்தைய பதிப்புகளிலோ மிக நீண்ட அடையாள எண்களின் கடைசி இலக்கங்கள் மாறிவிடக்கூடும், இது கண்ணில் படாமலேயே நடந்துவிடும் என்பதுதான் கவலைக்குரியது.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை நகலெடுத்த டம்ப் கோப்பானால், பல பதிவுகளை ஒரே கட்டளையில் அடைக்கும் இயல்பிருப்பை எடுக்கும்போதே நிறுத்திவிடலாம்; பதிவுக்கு ஒரு வரி கிடைக்கும், ஆனால் மீண்டும் ஏற்றுவதற்கு நேரம் கூடும். இடைவெளி, வரிமுறிவு ஆகியவை நீக்கிச் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையோ திருத்தவே வேண்டாம். அதன் மூல நிரலைத் திருத்தி மீண்டும் உருவாக்குங்கள்.