கற்கால முறையில் கயிறு திரிக்கலாம் வாங்க: வெறுங்கையும் வாழை நாரும் போதும்

கற்காலம் என்றால் கல் கோடரி, கல் கத்தி என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கல் மட்காது, அதனால் அது மிஞ்சியது. நார் மட்கிவிடும். ஆனால் அந்தக் கோடரியைக் காம்போடு சேர்த்துக் கட்டவும், மீன் பிடிக்கவும், பொறுக்கிய கிழங்கைத் தூக்கி வரவும் ஏதாவது ஒரு கயிறு வேண்டுமே. அந்தக் கயிற்றை எப்படித் திரித்தார்கள் என்பதைக் கையால் செய்து பார்ப்பதுதான் இந்தப் பதிவு. முன் அனுபவம் எதுவும் வேண்டாம்.

பிரான்சில் ஆப்ரி டு மாராஸ் என்ற பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்த ஒரு கற்சில்லில் கயிற்றுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. 2020இல் அதன் ஆய்வு வெளியானது. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், தடிமன் அரை மில்லிமீட்டர், வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள். திரித்தவர்கள் நியாண்டர்தால்கள், அதாவது நமக்கு நெருங்கிய, இப்போது அழிந்துபோன இன்னொரு மனித இனத்தார். ஊசியிலை மரத்தின் உள்பட்டை நாரை மூன்று புரிகளாக எடுத்து, ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறார்கள். இந்த எதிர்முறுக்குதான் கயிற்றின் உயிர். இன்று நாம் அதையே இரண்டு புரியில் செய்யப்போகிறோம்.

நார் எது நல்லது?

வாழை. பூக்கட்ட எடுத்து வைக்கிற அதே நார்தான். வாழை மரத்தின் வெளிப்பட்டை மரத்திலேயே காய்ந்து பழுப்பாகத் தொங்கும், அதை உரித்து எடுங்கள். பச்சைப் பட்டையில் திரிக்காதீர்கள். திரிக்கும்போது அழகாக வரும், காய்ந்தால் நார் சுருங்கி முறுக்கு முழுவதும் தொளதொளவென்று ஆகிவிடும். காய்ந்த நாரை நனைத்துத் திரிப்பதே சரி. ஏரிக்கரையில் வளரும் சம்பு இலையும் நன்றாக வரும், அதையும் உலர்த்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எருக்கு நார் மிகவும் உறுதியானது, ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் தொந்தரவு. ஆரம்பத்தில் அது வேண்டாம்.

ஐரோப்பாவின் ஆதிமனிதர்கள் வாழையைப் பார்த்ததே இல்லை. அவர்கள் அதிகம் நம்பியது மரப்பட்டையின் உட்புறத்து நாரை. 1991இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட 5,300 ஆண்டுப் பழைய மனிதர் ஊட்சியின் கத்தி உறைகூட லிண்டன் மரப்பட்டை நாரால் பின்னியதுதான். லிண்டன் பட்டையை மரத்தில் சாறு ஓடும் காலத்தில் உரித்து, வாரக்கணக்கில் தண்ணீரில் போட்டுவைத்தால், நாரை ஒட்டிவைத்திருக்கும் பசையை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். அப்புறம் பட்டை மெல்லிய நாடாக்களாகத் தானே பிரியும். நம் ஊரில் கயிற்றுக்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போடுவதும் இதே காரணத்துக்குத்தான். வாழையில் இந்த நாற்றம் பிடித்த வேலையெல்லாம் இல்லை, அதனால்தான் முதல் கயிற்றுக்கு அதைச் சொல்கிறேன்.

கிழித்து நனைப்பது

பட்டையை நீளவாக்கில் கிழியுங்கள். தீக்குச்சித் தடிமனுக்கு முறுக்கும்படியான நார்க்கற்றை ஒன்று, முக்கால் மீட்டர் நீளத்தில் போதும். கூட நாலைந்து கற்றைகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே தடிமனாக இருக்கட்டும். கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சொட்டச் சொட்ட ஈரம் வேண்டாம், வளைத்தால் முறியாமல் இருந்தால் சரி.

முறுக்குவது

இதுதான் மொத்த வேலையும், நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கற்றையை எடுத்து, நட்டநடுவில் பிடிக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டும், காரணம் பிறகு புரியும். இரண்டு கைகளாலும் அந்த இடத்தை எதிரெதிராக முறுக்குங்கள். முறுக்கேற ஏற, கைகளை லேசாக நெருக்கினால் நார் தானே மடங்கி ஒரு சின்னக் கண்ணி விழும். அந்தக் கண்ணியை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலப்பக்கமாக இரண்டு புரிகள் நீட்டிக்கொண்டிருக்கும்: ஒன்று உங்களுக்குத் தள்ளி, ஒன்று கிட்டே.

தள்ளி இருக்கும் புரியை வலது கை விரல்களால் உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக முறுக்குங்கள், இரண்டு மூன்று சுற்று. முறுக்கை விடாமல், அதைக் கிட்டே இருக்கும் புரிக்கு மேலாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இடது கட்டைவிரலை அந்த இடத்துக்கு நகர்த்தி இறுக்குங்கள். இப்போது இரண்டும் இடம் மாறிவிட்டன, முன்பு கிட்டே இருந்தது தள்ளிப் போயிருக்கும். அதை எடுத்து அதேபோல வெளியே முறுக்கி, உள்ளே கொண்டுவாருங்கள்.

வெளியே முறுக்கு, உள்ளே மடக்கு. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்தால் கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஏன் பிரியாமல் நிற்கிறது? முறுக்கிய ஒற்றைப் புரியை விட்டால் அது முறுக்கிய திசைக்கு எதிராகச் சுழன்று பிரியப் பார்க்கும். நாம் இரண்டு புரிகளையும் அந்தத் திசையிலேயே ஒன்றன்மேல் ஒன்று சுற்றிவிட்டோம். ஆகவே அவை பிரிய முயலும்போதெல்லாம் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்கின்றன. பசையோ முடிச்சோ இல்லாமல் நாரே நாரைப் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், நெருப்பை வசப்படுத்தியவருக்கு இணையாக வைத்துப் போற்ற வேண்டியவர் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு சாண் நீளம் வந்ததும் கையை எடுத்துப் பாருங்கள். தானே பிரிந்தால், புரிகளில் ஏற்றிய முறுக்கு போதவில்லை. ஒரு புரி நேராக நிற்க, மற்றது அதைக் கொடிபோலச் சுற்றிக்கொண்டிருந்தால் தடிமன் சரியில்லை. இதை அசட்டையாக விடாதீர்கள். இழுக்கும்போது பாரம் முழுவதும் நேராக நிற்கும் புரிமேல் விழுந்து அது முதலில் அறும். அந்த இடம்வரை பிரித்துவிட்டு, மெலிந்த புரியில் கொஞ்சம் நார் சேர்த்துத் திரும்பத் திரியுங்கள்.

புது நார் சேர்ப்பது

குட்டைப் புரி முடிய நாலு விரல்கடை இருக்கும்போதே புதுக் கற்றையைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு புரிகளும் பிரிகிற கவட்டையில் புது நாரின் நுனியை வைத்து, பழைய மிச்சத்தோடு சேர்த்தே முறுக்குங்கள். நாலைந்து சுற்றில் அது உள்ளே பூட்டிக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கயிறு காய்ந்த பிறகு நறுக்கிக்கொள்ளலாம். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் இணைப்பு வரக்கூடாது. ஆரம்பத்தில் நடுவில் பிடிக்காமல் தள்ளிப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கையகலத் துணுக்கை வலையாக்குவது இந்த இணைப்புதான். 1913இல், அப்போது பின்லாந்தில் இருந்த அன்ட்ரேயாவில் ஒரு மீன்வலை மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. வில்லோ மரப்பட்டை நாரால் ஆனது, பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் பழையது, நீளம் சுமார் 30 மீட்டர். பைன் பட்டை மிதவைகளும் கல் குண்டுகளும் அதனோடு கிடந்தன. அந்த வலைக்கு எத்தனை ஆயிரம் இணைப்பு போட்டிருப்பார்கள் என்பது, ஒரு முழம் திரித்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

வேகம் வேண்டுமானால் தொடையில் உருட்டலாம். இரண்டு புரிகளையும் பக்கம் பக்கமாகத் தொடையில் வைத்து உள்ளங்கையால் முன்னே உருட்டி, அப்படியே சேர்த்துப் பின்னே இழுத்தால் எதிர்முறுக்கு விழும். பப்புவா நியூ கினியில் பிலும் பை பின்னும் பெண்கள் இப்படித்தான் நார் திரிக்கிறார்கள். ஆனால் விரலில் பழகிய பிறகு தொடைக்குப் போங்கள்.

தடித்த கயிற்றுக்குக் கருவியே இருந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2015இல் கிடைத்த மாமத் (அழிந்துபோன கம்பளி யானை) தந்தத் துண்டு 20 சென்டிமீட்டர் நீளம், சுமார் 40,000 ஆண்டுப் பழையது. அதில் நான்கு துளைகள், துளைக்குள் சுருள் சுருளாக வெட்டிய கோடுகள். துளைக்கு ஒரு புரியாக விட்டு, பல பேர் சேர்ந்து கயிறு திரிக்க அது உதவியிருக்கும் என்று டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

கயிற்றிலிருந்து பின்னலுக்கு

கயிறு கைவந்துவிட்டால் பின்னல் பாதி வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஈர்க்குகளை ஒரு விரல் இடைவெளியில் வரிசையாக வையுங்கள். மேல்நுனிகளை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் நகராது. நீங்கள் திரித்த கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பை முதல் ஈர்க்கில் மாட்டுங்கள். ஒரு முனை ஈர்க்குக்கு முன்னே, மற்றது பின்னே. இரண்டையும் அரைச் சுற்று சுற்றி இடம் மாற்றி, அடுத்த ஈர்க்கை நடுவில் விடுங்கள். மறுபடி அரைச் சுற்று, அடுத்த ஈர்க்கு. கயிறு திரிக்கும்போது செய்த அதே அசைவுதான், நடுவில் ஒரு குச்சி மாட்டிக்கொள்கிறது, அவ்வளவே. வரிசை முடிந்ததும் திரும்பி வாருங்கள். வரிசைக்கு வரிசை சுற்றும் திசையை மாற்றினால் அம்புமுனை போன்ற கோலம் விழும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபோர்ட் ராக் குகையில் 1938இல் லூதர் கிரெஸ்மன் தோண்டியெடுத்த செருப்புகள் இந்தப் பின்னல்தான். பழைய எரிமலைச் சாம்பல் படிவுக்கு அடியில் டஜன் கணக்கில் கிடந்தன. சேஜ்பிரஷ் என்ற புதரின் பட்டையால் பின்னியவை, 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. உள்ளங்கால் முழுவதும் நெருக்கமான பின்னல், விரல்களை மூட முன்னால் ஒரு மடிப்பு.

உங்கள் முதல் பின்னலை டம்ளர் வைக்கும் அளவில் சின்னதாகச் செய்யுங்கள். ஒவ்வொரு வரிசையையும் விரலால் மேலே நெருக்கித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் இடைவெளி விழும். கடைசி வரிசையில் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, நுனிகளை நறுக்கிவிடுங்கள். அடுத்து பை பின்ன ஆசை என்றால், முதலில் நாலைந்து மீட்டர் கயிறு திரித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.