சென்னை – சிங்கப்பூர்: பயண நேரக் கணக்கு எங்கே தப்புகிறது?

முதல்முறை சிங்கப்பூர் கிளம்பிய என் பெரியம்மா டிக்கெட்டைப் பார்த்ததும், "ஆறே முக்கால் மணி நேரம் உட்காரணுமா? கால் வீங்கிடுமே" என்றார். சென்னையில் இரவு 11.15 புறப்பாடு, அங்கே காலை 6.00 மணிக்கு இறக்கம். திரும்பும் டிக்கெட்டில் இரவு 8.00 – 9.45. "வரும்போது மட்டும் ஒண்ணே முக்கால் மணியில வந்துடுமா?"

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழிக்கணும், வரும்போது கூட்டணும். இரண்டு பக்கமும் நாலேகால் மணிதான் வரும். இதில் "ரெண்டு மணிதானே வித்தியாசம்?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரி. 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளியது. அங்கே விடிவதற்கே ஏழு மணி ஆவதால், ஆறு மணிக்கு இறங்கினால் வெளியே கும்மிருட்டாக இருக்கும்.

அடுத்த தப்பு, தூரத்தை வேகத்தால் வகுப்பது. வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வைத்தால் மூன்றரை மணிகூட ஆகாது. ஆனால் டிக்கெட்டில் எழுதும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி அந்த ஊரில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேரும். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் போட்டிருப்பார்கள். சில நாள் கால் மணி முன்னாலேயே போய் இறங்குவது அதனால்தான்.

"கிழக்கே போனால் காற்று தள்ளும், சீக்கிரம் போகலாம்" என்பதை இந்தத் தடத்துக்கு அப்படியே பொருத்த வேண்டாம். டெல்லி – டோக்கியோவுக்கு அது சரி. அங்கே திரும்பி வர ஏறக்குறைய இரண்டு மணி கூடுதலாகும். நம் தடம் நிலநடுக்கோட்டுப் பக்கம். தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்றுதான் பலமாக வீசும்; போகும்போது அது எதிர்க்காற்று.

எல்லாவற்றையும்விடப் பணம் கரைவது தேதியில். 15ஆம் தேதி 00.30 என்றிருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு மீனம்பாக்கம் கிளம்ப வேண்டும். 15 இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். 14 இரவு 11.15க்குக் கிளம்புகிறவருக்கோ வேறு குழப்பம்: இறங்குவது 15 காலை, ஓட்டல்களில் அறை கிடைப்பது பெரும்பாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்கு. அதிகாலையில் இறங்கி நேராகப் படுக்கணும் என்றால் 14ஆம் தேதிக்கே அறை போட வேண்டும். ஆனால் சிங்கப்பூர் வருகை அட்டையில் 15 என்றுதான் நிரப்பணும்.

பெரியம்மா இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அங்கே இருந்த மூன்று வாரமும் கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே வைத்திருந்தார். மாத்திரை நேரம் தப்பிடுமாம்.