பேனாவைத் திருப்பித் தந்த பிறகு சொன்னது: பண்பாட்டு மரபு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பழைய அரண்மனை வாசலில் கேள்வித்தாளோடு நான் நின்றிருந்தபோது ஒரு அம்மா வெளியே வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பத்துக் கேள்விகளுக்கும் ‘மிகவும் திருப்தி’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார். நாலு அடி நடந்தவர் திரும்பி நின்றார். “எங்கம்மா இங்கதான் வேலை பார்த்தாங்க, தம்பி. ஆனா அந்தப் பெரிய கூடத்துக்குள்ள மட்டும் அவங்கள விட்டதே இல்லையாம். இன்னைக்குத்தான் நான் உள்ள போய் நின்னேன்.”

நான் எதைத் தேடி அங்கே போனேனோ, அது அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது. அதை எழுத என் கேள்வித்தாளில் ஒரு வரி இடம்கூட இல்லை. நல்லவேளையாக அவரை உட்காரச் சொல்லிப் பேசி எழுதிக்கொண்டேன். எழுதாமல் விட்டிருந்தால் என் கணக்கில் அவர் 50க்கு 50 போட்ட ஒரு பார்வையாளர், அவ்வளவுதான்.

மரபு ஆய்வுக்கு வரும் மாணவர்களின் வரைவுகளைப் படிக்கும்போது இதே தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தலைப்பில் ‘மக்களின் அனுபவம்’ என்று இருக்கும். உள்ளே போனால் கட்டடத்தின் வரலாறு நாற்பது பக்கம், வந்தவர்களின் திருப்தி மதிப்பெண் நாலு பக்கம். இடத்துக்கும் மனிதருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் அனுபவம். அது மட்டும் எங்கேயும் இருக்காது.

முதலில் கேள்வியின் சொற்களைப் பார்ப்போம். ‘இந்தப் பாரம்பரியச் சின்னம் உங்களுக்கு முக்கியமானதா?’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? ‘பாரம்பரியம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் மேடையில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். முன்னோர், பெருமை, அடுத்த தலைமுறை என்று எங்கோ படித்ததெல்லாம் வரும். அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் அன்று அங்கே உணர்ந்தது அது இல்லை. அதே ஆளிடம் ‘யாரோடு வந்தீர்கள்? எங்கே ரொம்ப நேரம் நின்றீர்கள்? வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். ஆய்வாளரின் கலைச்சொல் ஆய்வாளரின் குறிப்பேட்டோடு நிற்கட்டும். மக்கள் அந்த இடத்தை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ, அந்தப் பெயரைத்தான் கேள்வியிலும் போட வேண்டும்.

ஒரு ஆய்வுக்கு எழுதிய கேள்வித்தாளை எல்லா இடத்துக்கும் எடுத்துப்போவது இன்னும் மோசம். ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1979லும், ஹிரோஷிமாவின் அணுகுண்டு நினைவு மாடம் 1996லும், தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை 1999லும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ராபன் தீவில் முன்னாள் அரசியல் கைதிகளே வந்தவர்களுக்குச் சிறையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் தான் அடைபட்டிருந்த சிறையைக் காட்டிப் பேசி முடித்ததும், வெளியே வருபவரிடம் ‘ஒட்டுமொத்த மகிழ்ச்சி: 1 முதல் 5 வரை’ என்று தாளை நீட்டலாமா? கலங்கி நிற்பவர் அதில் எந்த எண்ணைப் போடுவார்? குறைந்த மதிப்பெண் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆய்வாளருக்கும் தெரியாது. துயரம் தங்கிய இடங்களில் கட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பேச விரும்புகிறவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும். பேச விரும்பாதவரை விட்டுவிட வேண்டும். அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்கள். எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 150 பேர் ஒரு ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்த ஆய்வு 2001இல் வெளியானது. சராசரி 27.2 விநாடி. ஆனால் எல்லா நேரங்களையும் வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால், அதாவது இடைநிலை அளவு, 17 விநாடிதான். சிலர் மட்டும் நிமிடக்கணக்கில் நின்று சராசரியை மேலே இழுத்துவிட்டார்கள். சராசரியை மட்டும் எழுதிவிட்டு ‘மக்கள் அரை நிமிடம் பார்க்கிறார்கள்’ என்று முடிப்பவர், இந்த இரண்டு வகை மனிதரையும் தொலைத்துவிடுகிறார். இரண்டையும் எழுதுங்கள், முடிந்தால் பரவலை வரைபடமாகவே போடுங்கள். அப்புறம், நின்ற நேரத்தை ஈடுபாட்டின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கால் வலித்து நின்றவரும், குழந்தைக்காகக் காத்திருந்தவரும், கண் எடுக்க முடியாமல் நின்றவரும் கடிகாரத்தில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

கால் வலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பார்வையாளருக்கு உடம்பு உண்டு என்பதை நம் துறை அடிக்கடி மறக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916இலேயே இதைப் படம் பிடித்துக் காட்டினார். காட்சிப்பொருட்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, ஒருவரைப் பதில் தேடச் சொன்னார். அவர் தேடுவதை வரிசையாகப் புகைப்படம் எடுத்தார். கீழ்த்தட்டில் இருப்பதைப் படிக்க அந்த மனிதர் குனிகிறார், குந்துகிறார், கழுத்தை வளைக்கிறார். அந்தக் களைப்பு பார்ப்பவரின் அக்கறையின்மையால் வந்தது இல்லை, பொருளை வைத்த விதத்தால் வந்தது என்பது படத்தைப் பார்த்தாலே புரியும். இன்றும் ‘இரண்டாம் தளத்தில் ஆர்வம் குறைகிறது’ என்று எழுதும் ஆய்வேடுகளில், அங்கே உட்கார ஒரு பெஞ்சு இருந்ததா என்ற தகவலைத் தேட வேண்டியிருக்கிறது. வெளிச்சம், படிக்கட்டு, கூட்டம், வெயில், எழுத்தின் அளவு எல்லாம் களக்குறிப்பில் இருக்க வேண்டும். கேள்வித்தாளை எழுதும் முன் ஒரு முழு நாள் அந்த இடத்தில் வெறுமனே நடந்து பாருங்கள்.

யாருடைய அனுபவம் என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையை எடுத்துக்கொள்வோம். மேலே ஏறியவர்களிடம் கேட்டிருந்தால், வாழ்நாளில் மறக்க முடியாத நாள் என்று பலர் சொல்லியிருப்பார்கள். அந்த நிலத்துக்கு உரிய அனங்கு மக்களுக்கோ அது புனிதமான இடம். ஏற வேண்டாம் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் விழுந்து அடிபட்டாலோ இறந்தாலோ அதைத் தங்கள் பொறுப்பாகவும் துக்கமாகவும் எடுத்துக்கொண்டார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிறுத்தப்பட்டது. பார்வையாளர் திருப்தியை மட்டும் அளக்கும் ஆய்வில் அந்தத் தடை ஓர் இழப்பாகத்தான் பதிவாகும்.

டிக்கெட் வாங்கி வருபவர் மட்டுமே அனுபவிக்கிறார் என்று நினைப்பது எளிது, ஏனென்றால் அவரை வாசலில் பிடித்துவிடலாம். கம்போடியாவில் பழைய கோயில்கள் நிறைந்த அங்கோர் தொல்லியல் பூங்கா சுமார் 400 சதுர கிலோமீட்டர். அதற்குள் கிராமங்கள் இருக்கின்றன. நெல் விளைகிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடமே இல்லை. வராமலே இருப்பவர்களும் உண்டு. 1960களில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் சக ஆய்வாளர்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நடத்திய ஆய்வு, யார் வருகிறார்கள் என்பதைக் கல்வி எவ்வளவு வலுவாகத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ‘மக்கள்’ என்று எழுதினால் பாதிப் பேரை விட்டுவிடுகிறோம். இணையத்தில் மதிப்புரை எழுதியவர்களை வைத்து மட்டும் முடிவு சொல்லும் ஆய்வுகளிலும் இதே ஓட்டைதான்.

அடுத்து, ‘இது அசலா?’ என்ற கேள்வி. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964இன் வெனிஸ் சாசனம் பழைய கல்லையும் மரத்தையும் பெரிதும் மதித்தது. ஆனால் ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆம் முறை. மரம் புதிது, கட்டும் முறை பழையது. அசல்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும் என்று ஜப்பானின் நாரா நகரில் வல்லுநர்கள் கூடி எழுதிய 1994இன் நாரா ஆவணம் சொன்னது. போஸ்னியாவின் மோஸ்தார் பாலத்தைப் பாருங்கள். 1566இல் கட்டி முடித்த அந்தப் பாலம் 1993இல் போரில் தகர்ந்து, 2004இல் மீண்டும் எழுந்தது. மறு ஆண்டே அது இருக்கும் பகுதி உலக மரபுப் பட்டியலில் வந்தது. கல்லின் வயதைப் பார்ப்பவருக்கு அது இந்த நூற்றாண்டுப் பாலம். பாலம் இல்லாத ஆற்றைப் பதினோரு ஆண்டுகள் பார்த்தவர்களுக்கு, அதன் மேலிருந்து இளைஞர்கள் மறுபடியும் நெரெத்வா ஆற்றில் குதிப்பதைப் பார்ப்பது வேறு. ‘போலி என்று தெரிந்தும் ரசித்தீர்களா?’ என்று கேள்வி வைத்தால் பதிலை நாமே எழுதிவிட்டோம் என்று பொருள்.

சில சின்ன விஷயங்கள். கட்டடம் போன்ற பொருள் சார்ந்த மரபுக்கு 1972இல் யுனெஸ்கோவின் ஓர் ஒப்பந்தம், பாட்டு, சடங்கு போன்ற பொருள் சாரா மரபுக்கு 2003இல் வேறொன்று என்பதால் அனுபவமும் இரண்டாகப் பிரியாது. கட்டடத்தையும் அங்கே பாடப்படும் பாட்டையும் ஒரே அத்தியாயத்தில் வையுங்கள். கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி எங்கே பார்த்தார் என்று சொல்லும், என்ன நினைத்தார் என்று சொல்லாது. களக்குறிப்பை அன்று இரவே எழுதிவிடுங்கள். வாசலில் ஒருமுறை கேட்பதோடு, ஒப்புதல் வாங்கிக்கொண்டு சில மாதம் கழித்தும் ஒருமுறை கேளுங்கள். எது மனதில் தங்கியது என்பது அப்போதுதான் தெரியும்.

எழுதியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதும் ஒரு தவறுதான், அதை நம்மில் பலர் தவறாகவே எண்ணுவதில்லை. சொன்னவரின் மொழியில், அவருக்குப் புரியும் நடையில் படித்துக் காட்ட வேண்டும். அந்த அம்மாவிடம் நான் போனபோது ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அவருடைய தாய்க்குக் கூடத்துக்குள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “மறுக்கலப்பா. அவங்க கேட்டதே இல்ல. கேக்கலாம்னே தெரியாது.” பக்க ஓரத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த பத்தியைப் படித்தேன்.