பொங்கலுக்கு ஒரு குட்டிக் கொட்டான்: ஓலை பின்னிப் பழகாதவர்களுக்கு

பொங்கலுக்கு ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஏதாவது கொடுக்கணும், ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் பலகாரத்தைப் போட்டு நீட்ட மனசு வரவில்லை என்றால், கொட்டான் என்கிற பனை ஓலைக் கூடை பின்னுங்கள். செட்டிநாட்டில் கல்யாணம் காட்சி எதுவானாலும் வெற்றிலை பாக்கும் பலகாரமும் கொட்டானில் வந்து இறங்கிய காலம் உண்டு, எல்லாம் ஆச்சிமார் வீட்டில் உட்கார்ந்து பனை ஓலையில் பின்னியவை. நடுவில் மங்கிப்போன இந்த வேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தது, இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. மணி கோத்து, பட்டுத்துணி வைத்துத் தைத்த பெரிய கொட்டான்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். நாம் பின்னப்போவது அடி 9 செ.மீ., உயரம் ஏழரை செ.மீ., அவ்வளவுதான்.

தேவையானவை: காய்ந்த பனை ஓலை, கத்தரிக்கோல், ஸ்கேல், துணி கிளிப் ஏழெட்டு, பசை, கொஞ்சம் கண்டாங்கி வெட்டுத்துணி (தையல்காரரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்). பனை ஓலை கிடைக்காத ஊரில் இருந்தால் கெட்டியான சார்ட் பேப்பரில் இதே அளவில் செய்யலாம், நனைக்க மட்டும் கூடாது.

1. ஈர்க்கை நீக்கிவிட்டு ஓலையை ஒன்றரை செ.மீ. அகலத்தில் கீற்றாகக் கிழியுங்கள். 35 செ.மீ. நீளத்தில் 12, 42 செ.மீ. நீளத்தில் 5. அகலம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கணும், இதில் சோம்பல் பட்டால் பின்னாடி மூலை சேராது. சாயம் வேண்டுமென்றால் ஆறு கீற்றைச் சாயப்பொடியும் கொஞ்சம் உப்பும் போட்ட கொதிதண்ணீரில் முக்கி, தண்ணீர் தெளியும் வரை அலசி, நிழலில் காய வையுங்கள். மஞ்சள்தூளும் நல்ல நிறம் தரும், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும்.

2. கீற்றுகளை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். விரலில் சுற்றிப் பார்த்தால் விரிசல் விடாமல் வளையணும்.

3. ஆறு கீற்றை நெருக்கமாக நெடுக்கில் வைத்து, மற்ற ஆறைக் குறுக்கே ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக நடுவில் பின்னுங்கள். பாய் பின்னல் மாதிரிதான். நடுவில் 9 செ.மீ. சதுரம் வரும், நாலு பக்கமும் 13 செ.மீ. வால் மிஞ்சும். சதுரம் கோணலாக இருந்தால் இப்போதே தட்டி நெருக்கிவிடுங்கள், சுவர் எழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

4. சதுரத்தின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து, 24 வாலையும் மேல்நோக்கி மடித்து நகத்தால் அழுத்துங்கள்.

5. இனி சுவர். 42 செ.மீ. கீற்றை எடுத்து ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து ஆரம்பியுங்கள், மூலையில் ஆரம்பிக்காதீர்கள். அடியின் ஓரக் கீற்றுக்கு மேலாக வந்த வால் இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்கணும், கீழாக வந்தது உள்ளே. மூலையிலும் இதே கணக்குதான், பார்த்தால் குழப்பமாகத் தெரியும், பின்னினால் தானாக அமையும். சுற்றி முடிந்ததும் மிஞ்சும் 6 செ.மீ.-ஐத் தொடங்கிய இடத்தின் மேலேயே நாலு வால் தூரத்துக்கு ஓட்டி ஒளித்துவிடுங்கள். அடுத்த சுற்று வேறு பக்கத்தில் தொடங்கணும், உள்ளே போனது வெளியே, வெளியே போனது உள்ளே. மூலைக்கு ஒரு கிளிப் போட்டுக்கொண்டால் கை இரண்டும் நமக்கு. முதல் இரண்டு சுற்றும் தொளதொளவென்றுதான் இருக்கும், கவலைப்படாமல் மூன்றாவதை இறுக்குங்கள், அதோடு கொட்டானுக்கு உருவம் வந்துவிடும். மொத்தம் ஐந்து சுற்று.

6. கடைசிச் சுற்றுக்கு வெளியே நிற்கும் வால்களின் நுனியைப் பென்சில் முனை போலச் சீவி, உள்பக்கம் மடித்து, இரண்டு சுற்று கீழே பின்னலுக்குள் நுழையுங்கள். நுழையாமல் அடம்பிடித்தால் கத்தரிக்கோல் நுனியால் பின்னலைக் கொஞ்சம் நெம்பி வழி விடுங்கள். உள்ளே நிற்கும் வால்களை விளிம்போடு வெட்டுங்கள்.

7. ஒரு நாள் காயட்டும். அப்புறம் 3 செ.மீ. அகலக் கண்டாங்கித் துணியை விளிம்பில் இரண்டாக மடித்து ஒட்டுங்கள், தைத்தால் இன்னும் உறுதி. அரக்குச் சிவப்பும் கடுகு மஞ்சளும் ஓலை நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு நுனியையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தால் ஒரு கண்ணி, அதை மாவிலைகளுக்கு நடுவே கோத்தால் நிலைவாசலுக்குத் தோரணம். ஆபீஸ் மேசைக்குச் சின்னதாக ஒன்று கட்டினாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

உள்ளே என்ன வைப்பது? சொந்தக்காரர்களுக்கு மாவுருண்டை வையுங்கள். ஆபீஸுக்கு என் ஓட்டு சீப்பு சீடைக்கும் தேன்குழலுக்கும்தான், யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு அலைய வேண்டாம் பாருங்கள். சாயம் போட்ட ஓலையில் பலகாரம் நேராகப் படக்கூடாது, அடியில் வாழையிலைத் துண்டோ பட்டர் பேப்பரோ போடுங்கள். பலகாரம் நன்றாக ஆறிய பிறகு அடுக்குங்கள், சூட்டோடு வைத்தால் ஓலை வேர்த்துப் பூசணம் பிடிக்கும். நிறைய பேருக்குக் கொடுப்பதென்றால் மார்கழியிலேயே வெறும் கொட்டான்களைப் பின்னிக் காயவைத்து, பலகாரத்தைப் போகிக்கு முந்தின நாள் நிரப்பிக்கொள்ளலாம்.