பின்லாந்து ஐஸ் ஹாக்கியின் வரலாற்றுக்குள் நுழைவது எப்படி?

பின்லாந்து ஐஸ் ஹாக்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் சாம்பியன் பட்டியலைத்தான் திறப்பார்கள். 1928இல் தொடங்கி வருடம், கிளப், வருடம், கிளப் என்று இறங்கிக்கொண்டே போகும் பட்டியல் அது. பெயர்கள் வாயில் நுழையாது, நுழைந்தாலும் மனதில் தங்காது. அதை மூடி வைத்துவிடுங்கள். ஓர் ஊரைப் பிடியுங்கள். அந்த ஊருக்கு யாரைக் கண்டால் ஆகாது என்று கேளுங்கள். பட்டியல் அப்புறம் தானாகப் புரியும்.

நான் பின்லாந்தின் தம்பெரே நகரில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். தட்டு அடுக்கும் மேசையைச் சுற்றி இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. முதல் நாள் ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை யார் முதலில் 'குட் மார்னிங்' சொல்கிறார்கள் என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஹாக்கி எனக்குப் பிடிபட்டது அந்த மேசையில்தான். அதனால் என் வழி கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்தது, சொல்லிவிடுகிறேன்.

முதலில் தம்பெரே

இங்கிருந்து தொடங்கச் சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. பின்லாந்தின் முதல் செயற்கைப் பனித்தளம் 1950களின் நடுவில் இந்த ஊரில்தான் வந்தது. நாட்டின் முதல் உள்ளரங்கமும் இங்கேதான்: 1965 உலகச் சாம்பியன்ஷிப்புக்காகக் கட்டிய ஹகாமெட்சா. அதற்கு முன்னால் ஹாக்கி என்பது திறந்தவெளி ஆட்டம். குளிர் தாமதித்தால் போட்டியும் தாமதிக்கும். பழைய பருவங்களில் ஆட்டங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று யாராவது கேட்டால், பதிலில் பாதி வானிலையிலேயே இருக்கிறது.

ஊரில் இரண்டு கிளப்கள். இல்வெஸ் 1931இல் பிறந்தது. பச்சை, மஞ்சள், கறுப்பு. தப்பரா 1932இல் பிறந்தது, கருநீலம், ஆரஞ்சு. தொடக்கத்தில் தப்பராவுக்கு ஸ்வீடிஷ் பெயர், சுருக்கமாக டிபிகே. 1955இல்தான் இன்றைய பெயர் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: தப்பரா எத்தனை முறை சாம்பியன் என்று தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் கிடைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் டிபிகே வென்ற பட்டங்களையும் சேர்த்து எண்ணுகிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். எந்த கிளப்பானாலும், எண்ணிக்கையைப் பார்த்ததும் எந்த வருடத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இல்வெஸ் 16 முறை சாம்பியன். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு பழைய, திறந்தவெளிக் காலத்தது. கடைசிப் பட்டம் 1985இல். அதற்கப்புறம் 2025 வசந்தம் வரை ஒன்றுகூட இல்லை. அந்த 1985 அணியில் ராய்மோ ஹெல்மினன் என்றொரு இளைஞர் ஆடினார். பிறகு ஆறு ஒலிம்பிக்குகளிலும், 331 சர்வதேச ஆட்டங்களிலும் பின்லாந்துக்காகக் களம் இறங்கியவர். எங்கள் மேசையில் இல்வெஸ் கட்சிக்காரர்கள் வாதம் தோற்கும்போதெல்லாம் கடைசியாக எடுத்து வீசும் பெயர் இதுதான். எதிர்க்கட்சியான தப்பராவுக்கு இப்படிப் பழசைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 1980களில் ஐந்து பட்டம், அப்புறம் 2003, 2016, 2017, பிறகு 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று.

மூன்றாவதாக கூவே என்றும் ஒரு கிளப் உண்டு. 1968இல் அதுவும் நாட்டின் சாம்பியன். இன்று அதைச் சொன்னால் பாதிப் பேர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள்.

இல்வெஸும் தப்பராவும் இப்போது ஒரே கூரையின் கீழ், 2021 டிசம்பரில் திறந்த நோக்கியா அரீனாவில் ஆடுகின்றன. ஒரே ஊர், ஒரே அரங்கம், ஒரே கழிப்பறை வரிசை. இவ்வளவு நெருக்கத்தில் பகையைக் காப்பாற்றுவது ஒரு கலைதான்.

மூன்று பெயர், ஒரே போட்டி

தேடத் தொடங்கும் முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சப் போட்டியின் பெயர் 1975 வரை எஸ்எம்-சர்யா. 1975இல் எஸ்எம்-லீகா. 2013இலிருந்து வெறும் லீகா. முதல் மாற்றம்தான் பெரிய மாற்றம். அதுவரை ஹாக்கிச் சங்கத்தின் கையில் இருந்த போட்டியைக் கிளப்கள் பத்தும் சேர்ந்து தங்கள் சொந்த லீக்காக ஆக்கிக்கொண்டன. பகலில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை, மாலையில் ஆட்டம் என்றிருந்த காலம் அதிலிருந்து மெல்லப் பின்வாங்கியது. ஒப்பந்தம், சம்பளம், வெளிநாட்டு ஆட்டக்காரர் எல்லாம் வெளிப்படையாக நடக்கத் தொடங்கின. 1976இல் முதல் எஸ்எம்-லீகா பட்டம் துர்க்கு நகரின் டிபிஎஸ் கிளப்புக்கு. அதே ஆண்டில் ஹெல்சிங்கியின் மத்தி ஹாக்மன் பாஸ்டனுக்குப் போய், பின்லாந்தில் வளர்ந்து, வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்ஹெச்எல்லில் ஆடிய முதல் ஆள் ஆனார். உள்ளூரில் தொழிலானதும் வெளியூர்க் கதவு திறந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்.

வருடக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பருவம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும். பட்டம் வசந்தத்தின் வருடத்துக்கே சேரும். 1997–98 பருவத்தின் சாம்பியனை 1998 சாம்பியன் என்பார்கள். கோப்பையின் பெயர் கனடா-மால்யா. கனடாவில் குடியேறிய பின்லாந்துக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது, 1951இலிருந்து கைமாறி வருகிறது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவருக்கும் தனியாக ஒரு விருது உண்டு. அதை வைத்து யாரும் தெருவில் ஆடிப்பாடி நான் பார்த்ததில்லை. லீக் சுற்று முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் ப்ளேஆஃப்தான் எல்லாம்.

அப்புறம் வரைபடத்தை விரியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். 1928இல் முதல் பட்டம் வென்றது வீப்புரி நகரின் ரெய்ப்பஸ். இன்றைய பின்லாந்து வரைபடத்தில் வீப்புரியைத் தேடினால் கிடைக்காது. போரில் அந்த ஊர் சோவியத் கைக்குப் போய்விட்டது. நாட்டின் கிழக்கிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு உள்நாட்டுக்கு நகர்ந்தார்கள். அவர்களோடு கிளப்களும் நகர்ந்தன. ரெய்ப்பஸ் லாஹ்தியில் வேர்விட்டது.

கல்பாவின் கதையும் இதேதான். 1929இல் சோர்தவாலாவில் பிறந்த கிளப். அந்த ஊரும் எல்லைக்கு அப்பால் போயிற்று. கல்பா குவோப்பியோவில் மறுபடி தொடங்கியது. மேலே ஏறியது, கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. முன்னாள் என்ஹெச்எல் ஆட்டக்காரர் சமி கபானன் தன் பணத்தையும் காலத்தையும் அதில் போட்டார். 2018இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடந்த ஸ்பெங்லர் கோப்பையை வென்றது. ஆனாலும் நாட்டின் பட்டம் மட்டும் எட்டவேயில்லை. கடைசியில் 2025 வசந்தத்தில் முதன்முறையாகக் கிடைத்தது. இறுதியில் எதிரே நின்றது லாப்பீன்ரந்தாவின் சைபா. அது எல்லையோர ஊர், அதுவும் ஒருமுறைகூடச் சாம்பியன் ஆகாத கிளப்தான். அந்த இறுதிப்போட்டியின்போது தம்பெரேக்காரர்களே இரு கட்சியாகப் பிரிந்து அடுத்தவன் வீட்டுச் சண்டையை ரசித்தார்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தத் தொடரைத்தான். 1929இலிருந்து 2025 வரை ஒரே நூலாகப் பிடித்துக்கொள்ளலாம்.

மேற்குக் கரைக்கு வாருங்கள். ரௌமாவும் போரியும் சுமார் 50 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு சிறு துறைமுக ஊர்கள். போரியில் ஒரு காலத்தில் இரண்டு கிளப்கள். கர்ஹுத் 1965இல் சாம்பியன். ரோசன்லெவ் தொழிற்சாலையின் விளையாட்டுச் சங்கமான ஆர்யூ-38 1967இல் சாம்பியன். வென்ற சூட்டோடு அதே ஆண்டில் இரண்டும் இணைந்து அஸ்ஸாத் ஆயின. சாம்பியன் கிளப் ஒன்று தன் பெயரையே விட்டுக்கொடுப்பது சாதாரணமா? அஸ்ஸாத் 1971, 1978, 2013 என்று மூன்று முறை வென்றது. பக்கத்து ரௌமாவின் லுக்கோவோ 1963இல் ஒருமுறை வென்றுவிட்டு, அடுத்த பட்டத்துக்கு 2021 வரை, அதாவது 58 வருடம் காத்திருந்தது. இடையில் போரிக்காரர்கள் அந்தக் கிண்டலை எவ்வளவு அனுபவித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹெல்சிங்கி

தலைநகரை மூன்றாவதாக வைத்ததற்கு அங்குள்ளவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஹெச்ஐஎஃப்கே 1897இல் ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் தொடங்கிய பொது விளையாட்டுக் கழகம். ஹாக்கி பின்னால் வந்தது. 1968–69இல் கனடாவின் கார்ல் ப்ரூவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்து சேர்ந்தார். டொராண்டோவில் என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை வென்ற மனிதர். 1969இல் கிளப்புக்கு முதல் பட்டம். உடம்போடு உடம்பு மோதும் அந்த ஆட்டமுறையை இன்றும் ஹெச்ஐஎஃப்கே ரசிகர்கள் குலப்பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

யோக்கெரித் 1967இல் பிறந்தது. கட்டடத் தொழில் நடத்திய ஐமோ மாக்கினன் தொடங்கியது. டீமு செலானே வளர்ந்தது இங்கேதான். 1992இல் பட்டம் வென்று கொடுத்துவிட்டு என்ஹெச்எல்லின் வின்னிபெக் அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே 76 கோல் அடித்தார். 1989 முதல் 2002 வரையான 14 வசந்தங்களை எடுத்துப் பாருங்கள்: டிபிஎஸ் எட்டு, யோக்கெரித் ஐந்து, ஹெச்ஐஎஃப்கே ஒன்று. பட்டம் துர்க்குவையும் ஹெல்சிங்கியையும் விட்டு வெளியே போகவேயில்லை. ஐரோப்பியக் கோப்பையையும் டிபிஎஸ் 1993–94இலும், யோக்கெரித் அடுத்த இரண்டு பருவங்களிலும் அள்ளின.

பிறகு நடந்ததுதான் கசப்பு. 2014இல் யோக்கெரித் உள்ளூர் லீகாவை விட்டு ரஷ்யாவின் கேஹெச்எல் என்ற லீக்கில் சேர்ந்தது. காலியான இடத்தில் வாசா நகரின் ஸ்போர்ட் உள்ளே வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் யோக்கெரித் விலகியது. ரஷ்ய உரிமையாளர்கள் கையிலிருந்த ஹெல்சிங்கியின் பெரிய அரங்கமும் மூடப்பட்டது. அந்த வசந்தத்தின் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஹெல்சிங்கி ஆட்டங்களை 1966இல் கட்டிய பழைய அரங்கத்தில் நடத்தினார்கள். இறுதி தம்பெரேயில், சகாரி மன்னினன் ஓவர்டைமில் கோல் போட்டு கனடாவை 4–3 என்று வீழ்த்தினார். எங்கள் தெருவில் விடியும்வரை ஹார்ன் சத்தம். யோக்கெரித்தோ 2023இல் இரண்டாம் நிலை லீக்கான மெஸ்திஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், ஒரு கிளப் தன் பரம எதிரியைத் தானே விட்டுப் போகக்கூடாது. ஹெச்ஐஎஃப்கே இல்லாத யோக்கெரித்துக்கு கேஹெச்எல்லில் எவ்வளவு பெரிய எதிரணி வந்தாலும் அந்த ருசி இல்லை.

மீதி ஊர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஔலுவின் கார்பாத் 1990கள் முழுக்கக் கீழ் மட்டத்தில் கிடந்து, 2000இல் மேலே வந்து, 2004க்கும் 2008க்கும் இடையில் நான்கு பட்டம் வென்றது. ஹாமீன்லின்னாவின் ஹெச்பிகே 2006, 2019. யுவாஸ்குலாவின் யுப் 2009, 2012. 2018இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் ஹாக்கி லீக்கை வென்ற முதல் பின்லாந்து கிளப்பும் அதுதான். 2023இல் தப்பராவும் அதை வென்றது. எஸ்போவின் ப்ளூஸ் 2016இல் திவாலாகி மறைந்தது. மேலே வருவதும் கீழே போவதும் இங்கே எப்போதும் பனித்தளத்தில் மட்டும் முடிவானதில்லை. பல வருடங்கள் உரிமமும் கணக்குப் புத்தகமுமே முடிவு செய்தன.

எங்கே தேடுவது

பின்லாந்து தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1930கள் வரை தாராளமாகப் படிக்கலாம். ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடும்போது வேற்றுமை உருபு சேர்ந்த வடிவத்தையும் போடுங்கள்: துர்க்கு 'துருன்' என்றும், வீப்புரி 'வீப்புரின்' என்றும் வரும். மொழிபெயர்ப்புச் செயலி பழைய எழுத்தில் திணறும். ஆனால் ஸ்கோருக்கு மொழி எதற்கு?

தம்பெரே வர முடிந்தால் வப்ரீக்கி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஹாக்கி அருங்காட்சியகம் அதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே கோப்பைகளைவிடப் பழைய உடுப்புகளிடம் அதிக நேரம் நில்லுங்கள். எந்த ஊர், எந்த நிறம், எந்தச் சின்னம் என்று ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் இணைந்த கிளப்பும் இடம்பெயர்ந்த கிளப்பும் கண்ணுக்கே தெரியும். வெளியே வந்து தம்மெலா சந்தையில் கறுப்பு சாசேஜும் அதன் மேல் லிங்கன்பெர்ரி ஜாமும் வாங்கிச் சாப்பிடலாம். பன்றி இரத்தம் சேர்ந்தது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆட்டத்துக்குப் போனால், தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பாருங்கள். சாம்பியன் வருடங்களும், இனி யாருக்கும் தராத ஆட்டக்காரர் எண்களும் அங்கே தொங்கும். ஏதாவது ஒரு வருடத்தைக் காட்டி, பக்கத்து இருக்கையில் இருக்கும் வயசாளியிடம் அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் வாய் திறக்காத ஊர் இது. இந்தக் கேள்விக்கு மட்டும் முதல் இடைவேளை வரை பேசுவார்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: எதிரணி ரசிகர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதியில் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட வேண்டாம்.